உழைத்தவர்க்கெல்லாம் இடம் உண்டா?

‘உழைப்பு ஒருநாளும் வீண்போகாது’ என்னும் வாக்கியத்தை நாம் வாழ்நாளில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! பள்ளி ஆண்டு விழாக்களிலும், தேர்வுக் காலத் திருப்பலிகளிலும், ஆசி பெற வரும் பிள்ளைகளின் தலைமீது கைவைக்கும்போதும் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்கு ஊக்கம் வேண்டும். பெற்றோருக்கு நம்பிக்கை வேண்டும். நமக்கோ அடுத்த வேலை காத்திருக்கிறது. மூவர் தேவையையும் அந்த ஒரு வாக்கியம் நிறைவேற்றிவிடுகிறது. ஆனால் அதே வாக்கியம் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்து நின்றதை ஒருமுறை காண நேர்ந்தது. தைத்தவர் நாமே. அன்று எழுந்த கேள்வியை வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்கவே இதை எழுதுகிறோம்.

2013 முதல் 2018 வரை அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பங்கில் பணியாற்றினோம். அங்கிருந்த சில தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றின் தலைவர் கோவில்பட்டிக்காரர். கோவில்பட்டி என்றதும் பலருக்குக் கடலைமிட்டாயும் தீப்பெட்டித் தொழிலும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கரிசல் ஊர் தமிழகத்தின் ஹாக்கி நகரம் என்பதை விளையாட்டறிந்தோர் அறிவர். இவரும் பள்ளிப் பருவத்தில் கட்டாந்தரையில் மட்டை பிடித்து ஓடியவரே. 2016ஆம் ஆண்டுக் கோடையில் இவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில், அதாவது அந்நாட்டு வழக்கப்படி உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பில், சேரவிருந்தாள். பள்ளியின் ஹாக்கி அணியில் எப்படியாவது இடம்பெற வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

ஹாக்கி என்றால் நமக்கு 1928 முதல் 1980 வரை இந்திய ஆடவர் வென்ற எட்டு ஒலிம்பிக் தங்கங்கள் நினைவுக்கு வரும். 1980இல் மாஸ்கோவில் அணித்தலைவராய் நின்ற தமிழர் வாசுதேவன் பாஸ்கரன் நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் நிலைமை வேறு. ஹாக்கி என்று மட்டும் சொன்னால் அங்கே பனித்தரையில் ஆடும் ஆட்டத்தையே எண்ணிக்கொள்வார்கள். நம்முடைய ஹாக்கிக்குக் கள ஹாக்கி என்று பெயர். பள்ளிகளில் அது பெரும்பாலும் பெண் பிள்ளைகளின் விளையாட்டு. 1901இல் அங்கு சென்ற கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற ஆங்கிலேய ஆசிரியை, மகளிர் கல்லூரிகளில் அதைக் கற்பித்துப் பரப்பினார். 107 வயதுவரை வாழ்ந்த அந்த அம்மையார் ஊன்றிய விதை, பென்சில்வேனியாவில் ஆழமாக வேர்விட்டது. கல்வி நிலையங்களில் பால் வேற்றுமை காட்டலாகாது என 1972இல் பிறந்த சட்டம், பெண்களின் விளையாட்டுக்கெல்லாம் புதுவலிமை தந்தது. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அந்நாட்டு மகளிர் வெண்கலமும் வென்றனர்.

ஆகவே அப்பகுதிப் பள்ளி அணிகளில் இடம் பிடிப்பது எளிதன்று. வகுப்புகள் தொடங்கும் முன்பே, ஆகஸ்ட் மாத நடுவில், அணித் தேர்வு நடக்கும். சில நாள்கள் காலையும் மாலையும் ஓடவிட்டும் ஆடவிட்டும் பார்ப்பார்கள். மூத்தோர் அணி ஒன்று, இளையோர் அணி ஒன்று. இரண்டிலும் இடமில்லாதவர் வீடு திரும்ப வேண்டும். அந்த ஆண்டு அப்பள்ளியில் 60 பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள். இருந்த இடங்கள் 44.

ஒன்பது வாரங்கள்

ஜூன் மாதத் தொடக்கத்தில் தந்தை நம்மிடம் வந்தார். “சாமி, கோயில் மண்டபத்துக்குப் பின்னாடி இருக்கிற சுவரும், வண்டி நிறுத்துற இடமும் சாயங்காலம் சும்மாதானே கிடக்கு? பிள்ளையைக் கொஞ்சம் பழக்கிக்கிடட்டுமா? ஆகஸ்ட்ல செலக்‌ஷன்” என்றார். சம்மதித்தோம். அன்றுமுதல் நாம் மாலைச் செபம் சொல்லும் வேளையில் பந்து சுவரில் மோதும் ஓசை தவறாது கேட்டது. முதல் வாரத்தில் அது இடையூறாக இருந்தது. பிறகு ஓசை கேட்காத நாளில் பிள்ளைக்கு உடல்நலமில்லையோ என்று எட்டிப் பார்க்கலானோம்.

ஹாக்கி மட்டை வேடிக்கையான கருவி. அதன் இடப்பக்கம் மட்டுமே தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம் என்பது விதி. இடக்கைப் பழக்கம் உள்ளவர்க்கென்று தனி மட்டை கிடையாது. எல்லாரும் ஒரே மட்டைக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ள வேண்டும். பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை, கல்போல் கடினமானது. அதை வலமும் இடமுமாக, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, மட்டையை விட்டு அகலாமல் நடத்திச் செல்லும் உத்திக்கு உலகெங்கும் ‘இந்திய’ என்ற அடைமொழியே வழங்குகிறது. கோவில்பட்டித் தந்தை தண்ணீர்ப் புட்டிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றினூடே பந்தை நடத்தக் கற்றுக்கொடுத்தார். அச்சிறுமி இந்திய மண்ணை இரண்டு முறையே பார்த்தவள். தமிழில் தயங்கித் தயங்கிப் பேசுவாள். ஆனால் அவள் மணிக்கட்டு கரிசல் பூமியின் பாடத்தைத் தயக்கமின்றிக் கற்றது.

“அடிக்கிறது அப்புறம், முதல்ல பந்தை வாங்கப் பழகு” என்று அவர் ஓயாமல் சொல்லுவார். வேகமாய் வரும் பந்தை இறுகப் பிடித்த மட்டை தாங்கினால் அது தெறித்து ஓடிவிடும். பிடியைச் சற்றே தளர்த்தி, மட்டையைத் தரையோடு தாழ்த்தி, முழங்காலை மடக்கி, பந்துக்கு இடம்கொடுத்து வாங்க வேண்டும். இதற்கே மூன்று வாரங்கள் ஆயின. காலையில் ஓட்டம். அணித் தேர்வின் முதல் நாளில் ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர், நேரம் குறித்து ஓடவிடுவார்கள். ஜூனில் கால் மைலுக்கே மூச்சிரைத்து நின்றவள், ஆகஸ்ட் பிறந்தபோது ஒரு மைலை எட்டு நிமிடங்களுக்குள் ஓடினாள். உள்ளங்கைகளில் கொப்புளம் எழுந்து, உடைந்து, தோல் தடித்தது. அந்நாட்டின் கோடைப் புழுக்கம் நம் கடற்கரைப் புழுக்கத்துக்குக் குறைந்ததன்று.

அணித் தேர்வுக்கு முன்தின மாலை இருவரும் ஆசி பெற வந்தார்கள். தலைமீது கைவைத்துச் செபித்தோம். செபத்தோடு நிறுத்தியிருக்கலாம். “இவ்வளவு உழைத்திருக்கிறாயே மகளே, உழைப்பு வீண்போகாது, கட்டாயம் இடம் கிடைக்கும்” என்றும் சொல்லி அனுப்பினோம்.

நான்காம் நாள் பள்ளியின் கதவில் பெயர்ப்பட்டியல் ஒட்டப்பட்டது. அவள் பெயர் இரண்டு அணியிலும் இல்லை.

அடுத்த ஞாயிறன்று திருப்பலி முடிந்தபின் தனியே வந்து நின்றாள். அழவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்வி: “ஃபாதர், உழைத்தால் கட்டாயம் கிடைக்கும் என்று சொன்னீர்கள். அப்படியானால் நான் உழைத்தது போதவில்லையா?”

வாக்குறுதியின் மறுபக்கம்

அவள் நம்மீது பழி சொல்லவில்லை. நம்முடைய சொல்லை முழுதாக நம்பினாள். அதுதான் கொடுமை. உழைப்பு கட்டாயம் இடம் தரும் என்பது மெய்யானால், இடம் கிடைக்காதவர் உழைக்கவில்லை என்பதும் மெய்யாகிவிடுகிறது. தருக்கம் படித்தவர் எவரும் இதை மறுக்க முடியாது. முன்னாள் மாலையில் ஊக்கமாகத் தோன்றிய வாக்கியம், பட்டியல் வெளியான காலையில் குற்றச்சாட்டாக மாறிவிட்டது. ஒன்பது வாரக் கொப்புளங்களைத் தன் கண்ணாலேயே பார்த்தவள், தன்னைச் சோம்பேறி என்று தானே ஐயுறும் நிலைக்கு வந்தாள். தோல்வி ஒரு காயம்; அதன்மேல் இந்த ஐயம் இன்னொரு காயம். முதலாவதைத் தந்தது பட்டியல். இரண்டாவதைத் தந்தது நம்முடைய வாய்.

உண்மைக் கணக்கு வேறு. 60 பேருக்கு 44 இடம். அறுபது பேரும் இருமடங்கு உழைத்தாலும் பதினாறு பேர் திரும்பித்தான் ஆக வேண்டும். எந்த வியர்வையும் இந்தக் கழித்தலை மாற்றாது. மேலும், அணியில் இடம்பெற்ற பலர் எட்டு வயதிலிருந்தே தனியார் கழகங்களில் கட்டணம் செலுத்திப் பழகியவர்கள். சென்ற ஆண்டு ஆடி முடித்து வெளியேறியோர் முன்கள ஆட்டக்காரரா, தடுப்பாட்டக்காரரா என்பதைப் பொறுத்தும் இவ்வாண்டுத் தேவை அமையும். பயிற்சியாளர் பார்த்த அந்த ஐந்து நிமிடத்தில் பந்து எவர் பக்கம் உருண்டது என்பதும் உண்டு. உழைப்பு கதவுவரை கொண்டுபோய் நிறுத்தும். கதவின் திறவுகோல் உழைப்பின் கையில் மட்டும் இல்லை.

இதனால் உழைப்பே வேண்டாம் என்று முடிவுகட்டுவோர் உண்டு. அதுவும் பொய்யே. ஒலிம்பிக் மகுடம் அழகும் வலிமையும் மிக்கவருக்கென்று சூட்டப்படுவதில்லை, களத்தில் இறங்கியவருக்கே சூட்டப்படுகிறது என்னும் பொருள்பட அரிஸ்டாட்டில் தம் அறநூலில் எழுதினார். இறங்காதவருக்கு மகுடம் இல்லை என்பது உறுதி. இறங்கியவர் அனைவருக்கும் மகுடம் உண்டு என்று அவர் சொல்லவில்லை. நாமோ முதல் பாதியைச் சொல்லத் தொடங்கி, ஆர்வ மிகுதியால் இரண்டாம் பாதியையும் சேர்த்துவிடுகிறோம்.

இப்பொய் தோற்றவரை மட்டும் கெடுப்பதில்லை, வென்றவரையும் கெடுக்கிறது. ‘நான் உழைத்தேன், எனக்குக் கிடைத்தது’ என்று எண்ணும் பிள்ளை, வண்டியோட்டி அழைத்துச் சென்ற தாயையும், கட்டணம் கட்டிய தந்தையையும், நலமாய் அமைந்த உடலையும் மறந்துபோகும். அணியில் சேராத தோழியைச் சற்றே கீழாகப் பார்க்கவும் தொடங்கும். நன்றியும் இரக்கமும் ஒரே நாளில் உலர்ந்துவிடும். கடல் கடந்த பள்ளியொன்றின் கதை இது என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் ஊர்ச் சுவர்களிலும் பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோரின் படங்கள் ஆண்டுதோறும் பெரிதாக ஒட்டப்படுகின்றன. மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளை அச்சுவரைக் கடந்துதான் கடைக்குப் போகிறது. அதன் காதில் விழுவதும் இதே வாக்கியம்தான்.

விலையா, வனைதலா?

அப்படியானால் உழைப்பு எதற்கு? இக்கேள்விக்கு விடை சொல்லாமல் பொய்யை மட்டும் களைந்தால் பிள்ளைகள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

உழைப்பை இரண்டு விதமாக எண்ணலாம். ஒன்று, அதை விலையாக எண்ணுவது. வியர்வை என்னும் காசைக் கொடுத்தோம், இடம் என்னும் பண்டத்தைப் பெறுவோம். பண்டம் வராவிட்டால் ஏமாற்றப்பட்டோம் என்பதே பொருள். மற்றொன்று, உழைப்பை வனைதலாக எண்ணுவது. குயவர் சக்கரத்தில் மண்ணை வனைவதுபோல், உழைப்பு உழைப்பவரையே வனைகிறது. யாழை வாசித்து வாசித்தே யாழ்க்கலைஞர் ஆவதுபோல், நேர்மையானவற்றைச் செய்து செய்தே நேர்மையாளர் ஆகிறோம் என்று அதே அரிஸ்டாட்டில் சொன்னதும் இப்பொருளில்தான். உடல் வருந்திய அளவுக்கு ஊதியம் உண்டு என்று வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் கூறும் கருத்தை நாம் பெரும்பாலும் முதல் பொருளிலேயே, அதாவது விலைப் பொருளிலேயே, மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அவர், ஊழ் துணைநில்லாத வேளையைப் பற்றியல்லவா அங்கே பேசுகிறார்? கேட்ட பண்டம் கைகூடாத இடத்திலும் கிடைக்கும் கூலி எது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய் 1942இல், டொமினிக்கன் துறவியான பெரன் அடிகளாருக்கென ஒரு கட்டுரை எழுதினார். பள்ளிப் படிப்பைப் பற்றியது அது. வடிவகணிதப் புதிர் ஒன்றின் முன் ஒரு மணி நேரம் உண்மையான கவனத்தோடு உட்கார்ந்தும் விடை காணாத மாணவர், ஒன்றுமே பெறாமல் எழுந்து போவதில்லை. விடை வராவிட்டாலும் கவனிக்கும் ஆற்றல் உள்ளே வளர்ந்திருக்கிறது என்பது அவருடைய கருத்து. அதற்கு அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று ஆர்ஸ் பங்குத்தந்தை புனித வியான்னி. இலத்தீன் மொழியோடு ஆண்டுக்கணக்கில் போராடியும் அவருக்கு அது கைவரவில்லை. ஆனால் வீணாய்ப்போனதாகத் தோன்றிய அப்போராட்டமே, பின்னாளில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மனிதர் உள்ளங்களை ஊடுருவிக் காணும் ஆற்றலாய்ப் பழுத்தது என்கிறார். குருமடத்தில் இலத்தீனோடு மல்லுக்கட்டிய நமக்கு இந்தச் சான்று மிகவும் பிடிக்கும்.

ஆயினும் ஓர் எதிர்ப்பை நேர்மையோடு ஏற்க வேண்டும். ‘இது இடம் பெற்றவர்கள் இடம் பெறாதவர்க்குச் சொல்லும் மலிவான ஆறுதல் அல்லவா?’ என்று யாரேனும் கேட்டால் சினம் கொள்ளலாகாது. அச்சிறுமி கேட்டது கவன ஆற்றலை அன்று. அணியில் ஓர் இடத்தை. வேறொன்று கிடைத்தது என்பதால் கேட்டது கிடைக்காத துயரம் இல்லாமற் போவதில்லை. ஆறுதலை அவசரமாக ஊட்டுவது துயரத்துக்குரிய மதிப்பைப் பறிப்பதாகும். வனைதல் பற்றிய உண்மை, கண்ணீர் காய்ந்த பிறகு பிள்ளை தானே கண்டெடுக்க வேண்டிய உண்மை. நாம் செய்யத் தக்கது, அதை மறைக்கும் பொய்யைச் சொல்லாதிருப்பது.

திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்தில் ஒரு தேர்வு நடக்கிறது. யூதாசு விட்டுச் சென்ற இடம் ஒன்று, முன்னிறுத்தப்பட்டவர் இருவர். யுஸ்து என்றும் பர்சபா என்றும் அழைக்கப்பட்ட யோசேப்பு ஒருவர், மத்தியா மற்றவர். யோவானின் திருமுழுக்குக் காலந்தொட்டு உடனிருந்தவர் என்ற தகுதி இருவருக்கும் பொது. சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. யோசேப்பிடம் குறை இருந்ததாக நூலாசிரியர் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர் போதுமான அளவு உடனிருக்கவில்லை என்று எவரும் சொல்லவில்லை. நாம் கவனியாது விடும் செய்தி இன்னொன்றும் உண்டு: தேர்ந்தெடுக்கப்பட்ட மத்தியாவின் பெயரும் அந்நூலில் பின்னர் எங்கும் வரவில்லை. பட்டியலில் இருப்பதும் இல்லாததும் மனிதரைப் பற்றிய இறுதித் தீர்ப்பு அன்று.

பெரியவர்களின் கடன்

ஆகவே பெரியவர்களுக்கு மூன்று கடமைகள் உண்டு என்று எண்ணுகிறோம். முதலாவது, முன்னதாகவே உண்மை பேசுதல். எத்தனை பேர், எத்தனை இடம், எவையெல்லாம் நம் கையில் இல்லை என்பதைப் பிள்ளையிடம் சொன்னால் ஊக்கம் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறோம். பதினான்கு வயதுக்கு உண்மையைத் தாங்கும் வலிமை உண்டு. பொய்யை நம்பி உடைந்தபின் எழுவதற்குத்தான் வலிமை போதாது.

இரண்டாவது, தேர்ந்தெடுப்போரின் கடமை. இடம் குறைவாயிருப்பது அவர்கள் குற்றமன்று. ஆனால் ஒன்பது வாரம் உழைத்து வந்த பிள்ளைக்குக் கதவில் ஒட்டிய தாள் மட்டுமே விடையாக இருக்கலாகாது. ‘உன் ஓட்டம் நன்று, பந்தை வாங்குகிறாய், ஆனால் வாங்கியபின் தலைநிமிர்ந்து பார்க்கத் தாமதிக்கிறாய்’ என்று யாரேனும் இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால், அவள் தன் உழைப்பையே ஐயுற்றிருக்கமாட்டாள். பள்ளியானாலும் பங்குப் பாடற்குழுவானாலும், விலக்கும் அதிகாரம் உடையவருக்கு விளக்கும் கடமையும் உண்டு.

மூன்றாவது, பின்னர் உடனிருத்தல். இக்கடமையை நம்மினும் நன்றாகச் செய்தவர் அந்தத் தந்தை. பட்டியல் வெளியான மாலையில் மகளை வழக்கம்போல் அதே சுவருக்கு அழைத்து வந்தார். ஒன்றும் பேசாமல் அரைமணி நேரம் இருவரும் பந்தை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பும் அம்மனிதர், அந்த ஒன்பது வாரங்களில் மகளோடு பேசியதுபோல் அதற்கு முன் பேசியதில்லை என்று தாயார் பின்னர் சொன்னார்.

சிறுமியின் கேள்விக்கு வருவோம். அன்று நாம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவள் உழைத்தது போதும் என்றும், நாம் சொன்னதுதான் தவறு என்றும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். அவள் சிறிது நேரம் நம் முகத்தைப் பார்த்தாள். “சரி ஃபாதர்” என்று சொல்லிவிட்டுத் தாயிடம் போய்விட்டாள். சமாதானம் அடைந்தாள் என்று சொல்லமாட்டோம். குற்றச்சாட்டு மட்டும் அவள் தோளிலிருந்து இறங்கியது என்று நம்புகிறோம்.

மறு ஆண்டு அவள் அணித் தேர்வுக்குப் பெயர் கொடுக்கவில்லை. மட்டை அவர்கள் வீட்டு வண்டிக் கொட்டகையில் சாத்தியே கிடந்தது; அதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு வருத்தம்தான். ஆனால் ஜூன் மாதத்து மாலையொன்றில் கோயிலுக்குப் பின்னாலுள்ள சாலையில் அவள் ஓடிக்கொண்டிருக்கக் கண்டோம். எந்த அணிக்காக என்று கேட்டோம். “எதற்காகவும் இல்லை ஃபாதர். ஓடாவிட்டால் என்னவோ போல இருக்கிறது” என்று மூச்சிரைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே கடந்து போனாள்.

இழந்தது இழந்ததே, வனையப்பட்டது வனையப்பட்டதே. ஒன்று மற்றொன்றை ஈடுசெய்வதாக நாம் கணக்கெழுத வேண்டியதில்லை. இப்போதும் தேர்வுக்கும் போட்டிக்கும் முன்தினம் பிள்ளைகள் ஆசி பெற வருகிறார்கள். தலைமீது கைவைக்கிறோம். ‘நீ நன்றாக உழைத்திருக்கிறாய், அதை நாங்கள் பார்த்தோம். நாளை என்ன நேர்ந்தாலும் அது உண்மையாகவே இருக்கும்’ என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம்.